மேற்கே கறுக்குது, இங்கே பெய்யுமா?

சித்திரை, வைகாசியில் எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி மழையைப் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வியர்த்துக் கொட்டுகிறது. இவ்வளவு ஈரம் இருந்தும் சென்னையில் மழை இல்லை, வேலூரில் பெய்கிறது. ஏன்? (பெரம்பூர் வாசகர்)

ஈரம் இருந்தால் போதாது, அது மேலே ஏற வேண்டும். நண்பகல் வாக்கில் கரையேறும் கடற்காற்று பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே சூடான வறண்ட காற்று, சோற்றுப்பானைக்குத் தட்டு போட்ட மாதிரி மூடிக்கொண்டிருக்கும். கரையோரத்தைக் கடற்காற்றே கொஞ்சம் தணித்துவிடுவதால், அந்தத் தட்டைத் தூக்குமளவுக்குச் சூடு ஏறாது. வேலூர், திருப்பத்தூர் பக்கம் மதியம் 40 டிகிரி சாதாரணம்; அங்கே தூக்கிக்கொள்ளும். தவிர, உள்ளே போகும் கடற்காற்று மேற்குக் காற்றோடு முட்டும் இடத்தில் இரண்டும் மேலேதான் போயாக வேண்டும். இடிமேகம் திரள்வது அந்தக் கோட்டில்தான். இத்தனையையும் வானிலை அறிக்கை ‘வெப்பச்சலனம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

சென்னையின் முறை ஜூனில் வரும். அப்போது மேலடுக்கிலும் மேற்குக் காற்று வலுத்துவிடும். சித்தூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் சாயங்காலம் உருவாகும் மேகங்களை அது கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் சென்னைக்கு இரவு மழை அதிகம் கிடைப்பது இதனால்தான்.

‘ஓரிரு இடங்களில் மழை’ என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. பொய்தானே? (ஆரணி வாசகர்)

பொய் இல்லை ஐயா. அந்த வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் பெய்யாது என்பதுதான் ‘ஓரிரு’. ‘பெரும்பாலான’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். கோடை இடிமேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெய்து கரைந்துவிடும். வாலாஜா அருகே பாலாற்றுப் பாலத்தின் ஒரு முனையில் வைப்பரை வேகமாக ஓடவிட்டு, மறுமுனையில் அணைத்திருக்கிறேன். எந்தத் தெருவில் பெய்யும் என்று முந்தின நாளே சொல்பவரை நம்பாதீர்கள். மதியத்துக்கு மேல் ரேடார் படத்தையும் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் பாருங்கள்.

மழைக்கு முன் வரும் காற்றில் குலை தள்ளிய வாழை சாய்ந்துவிடுகிறது. ஏன் இவ்வளவு மூர்க்கம்? (கோபி விவசாயி)

மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும். அதில் குளிர்ந்து கனத்த காற்று அப்படியே தரையில் வந்து மோதி, நாலா பக்கமும் பாயும். முதலில் மண் வாசனை, பிறகு சில்லென்று ஒரு காற்று, அடுத்து புழுதி என்று நீங்கள் பார்ப்பது அதைத்தான். குலை தள்ளும்போதே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துவிடுங்கள். சில்லென்ற காற்று வந்த பிறகு தோட்டத்துக்குள் போகாதீர்கள். அடுத்து வருவது மின்னல்.

புளியமரத்தடியில் கட்டியிருந்த பசு மின்னலில் செத்தது. சற்றுத் தள்ளி நின்ற என் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி? (ஊத்தங்கரை வாசகி)

மரத்தில் இறங்கிய மின்சாரம் மண்ணில் பரவும். தூரம் போகப்போகக் குறையும். பசுவின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். முன்கால் வழியே ஏறி, நெஞ்சைக் கடந்து, பின்கால் வழியே இறங்கிவிடுகிறது. தம்பி தள்ளி நின்றார், மனிதரின் இரு கால்களுக்கு நடுவே இடைவெளியும் குறைவு. அது அவருடைய அதிர்ஷ்டம், பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள்; கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரவேண்டாம். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பயமில்லாமல் தொட்டு முதலுதவி செய்யலாம், 108-ஐ அழைக்கலாம்.

மே மாதம் வங்கக்கடலில் புயல் வந்தால் வெயில் தணியுமா? (கடலூர் வாசகர்)

நம் கரைக்கு வந்தால் தணியும். வடக்கே திரும்பினால் நேர்மாறு. 2019-இல் ஃபானி புயலை நாம் வழிமேல் விழிவைத்துப் பார்த்திருக்க, அது வளைந்து மே 3 அன்று ஒடிசாவின் புரியில் கரையேறியது. அப்படிப் போகும் புயல் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உள்நாட்டு வறண்ட காற்றை நம் பக்கம் வரவிடும். கடற்காற்று தாமதமாகும், கடலூரிலும் 40-ஐத் தாண்டலாம். அதனால் புயல் உருவான செய்தியைக் கேட்டதும் குளிர்ந்துவிடாதீர்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.