மறதிக்குக் காட்டப் போனால் டாக்டர் ஏன் காதையும் நடையையும் பார்க்கிறார்?

அப்பாவுக்கு மறதி அதிகமாகிறது என்று கூட்டிப்போனால் குடும்ப டாக்டர் காதைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார், ஸ்கேன் மட்டும் எழுதித் தரவில்லை, இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பொது மருத்துவம் பார்ப்பவன். நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள்.

டிமென்ஷியா என்றால் நினைவும் சிந்தனையும் படிப்படியாகத் தேய்வது. அதில் அதிகம் வருகிற வகையான அல்சைமர், ஆரம்பக் கட்டத்தில் உடம்பில் பெரும்பாலும் எதையும் காட்டாது. ஆனால் மறதி போலவே தெரிகிற வேறு பிரச்சினைகளும் மற்ற வகை டிமென்ஷியாக்களும் உடம்பில் தடயம் விடும். அதைத்தான் தேடுகிறோம்.

முதலில் காது. மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்போம். குரும்பி அடைத்துக்கொண்டு அந்த வார்த்தைகளே சரியாகக் காதில் விழாதவர் எதைத் திருப்பிச் சொல்வார்? கடிகாரம் வரையச் சொல்லும்போது கண்ணாடி வீட்டில் இருந்தால் அதுவும் அதே கதைதான்.

எனக்கு அதிகம் சொல்வது நடை. நாற்காலியிலிருந்து எழுவதில் ஆரம்பித்து, நடந்து, திரும்பி, மறுபடி உட்காரும் வரை கண்ணை எடுக்க மாட்டேன். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல, காலை அகட்டி வைத்துச் சின்னச் சின்ன அடியாக நடக்கிறார், சிறுநீரும் அடக்க முடியவில்லை என்றால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். இதில் சிலருக்கு அறுவை சிகிச்சையால் நடை நன்றாகவே தேறும். நடக்கும்போது கை வீசாமல் இருக்கிறது, மணிக்கட்டை அசைத்தால் விறைப்பு தெரிகிறது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால் லூயி பாடி டிமென்ஷியா என்கிற இன்னொரு வகையை நினைக்க வேண்டும். இதை முன்பே தெரிந்துகொள்வது உயிர் காக்கும் விஷயம், ஏனென்றால் இல்லாதது தெரிவதற்கும் கலவரத்துக்கும் கொடுக்கிற ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இவர்களுக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கலாம். நிற்கும்போது பிரஷரின் மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்குவதும் இந்த நோயில் சகஜம், மாத்திரைகளாலும் அப்படி இறங்கும்.

அப்புறம், இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்வோம். ஒரு கை மட்டும் மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கினால் பக்கவாதமாக இருக்கலாம், சமீபத்தில் கீழே விழுந்தவர் என்றால் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கலாம். அப்போது ஸ்கேன் அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறதா என்பது பக்கவாத அபாயத்துக்காக. தட்டினால் அதிரும் இசைக்கவை என்ற கருவியை வைக்கும்போது அதன் அதிர்வு கால் கட்டைவிரலில் தெரியவில்லை என்றால் பி12 குறைவா என்று யோசிப்போம். கணுக்காலில் தட்டியதும் துள்ளிய பாதம் மெல்ல மெல்லத் திரும்பினால் தைராய்டு குறைவா என்று யோசிப்போம். இவற்றுக்கு எப்படியும் ரத்தப் பரிசோதனை உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குழப்பம் சில நாட்களுக்குள் திடீரென்று வந்து, காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி இருந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கிருமித் தொற்றோ, சிறுநீர் கட்டியிருப்பதோ, புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

ஸ்கேனும் பெரும்பாலும் எடுப்பார்கள், எதைத் தேடி எடுக்கிறோம் என்று தெரிந்தபின் எடுப்பது நல்லது. அடுத்த முறை போகும்போது கண்ணாடி, காது மெஷின், தூக்க மாத்திரை அலர்ஜி மாத்திரை உட்பட வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கூடவே தினமும் அவரோடு இருப்பவர் ஒருவரும் போகட்டும்.