களத்தில் பத்து வருடம், தேர்வில் ஐந்து மதிப்பெண்

கேள்வி: சென்னையில் சமூகப்பணி முதுகலை முடித்து, மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலுமாகப் பத்து வருடம் வேலை பார்த்தவள் நான். திருமணத்துக்குப் பிறகு அமெரிக்கா வந்தேன். இங்கே பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கி, உரிமத்துக்கான மாஸ்டர்ஸ் நிலைத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டாம் முறை 99 வேண்டிய இடத்தில் 94. எங்கிருந்தோ வந்தவை போன்ற சில கேள்விகள் என்னை நிலைகுலைய வைத்துவிட்டன. அலுவலகத்தில் மேற்பார்வையாளரிடம், தேர்வுத் தேதி இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் துறையிலேயே தோற்ற நான் பிறருடைய துயரத்தைக் கேட்கத் தகுதியானவள்தானா? மறுபடி எழுதவா, விட்டுவிடவா?
– ஒரு வாசகி, அமெரிக்கா

பதில்: எழுதுங்கள். ஆனால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். பொதுவாக அடுத்த முயற்சிக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வாரம் அழுகைக்கும் தூக்கத்துக்கும் போகட்டும். துயரத்தில் இருப்பவரிடம் "உடனே எழுந்து ஓடு" என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம்?

உங்களை உலுக்கிய அந்த விசித்திரமான கேள்விகளை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய 170 கேள்விகளில் 150-க்குத்தான் மதிப்பெண். மீதி 20, வருங்காலத் தாள்களுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்த இருபது என்று தேர்வு எழுதுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். உங்கள் நிம்மதியைக் கெடுத்தவற்றில் சில கணக்கிலேயே வராதவையாக இருந்திருக்கலாம். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், ஒரு விடையைத் தேர்ந்துவிட்டு நகருங்கள். தேர்ச்சிக்கு வேண்டிய எண்ணிக்கையும் தாளின் கடினத்தைப் பொறுத்து மாறுவது. ஆகவே 99 என்ற எண்ணை மனதில் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம்.

இனி ஐந்து மதிப்பெண் எங்கே போயிருக்கும் என்று பார்ப்போம். பாடம் தெரியாமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அனுபவசாலிகள் இந்தத் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் அனுபவத்தாலேயே. ஒரு மாதிரிக் கேள்வி: மருத்துவமனையில் ஒரு மூதாட்டி. தெளிவான மனநிலையில் இருக்கிறார். வீட்டுக்குத் திரும்பித் தனியாக வாழ விரும்புகிறார். மகளோ முதியோர் காப்பகத்தில் சேர்க்கச் சொல்கிறார். சமூகப்பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நம் ஊரில் பழகிய கை, குடும்பத்தினர் எல்லோரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசப் போகும். அங்கே அது நல்ல வேலையும்கூட. தேர்வு எதிர்பார்ப்பது வேறு: மூதாட்டியிடம் தனியாகப் பேசி, அவருக்கு என்ன வேண்டும், வீட்டில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று அறிவது. தன்னைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருடையது என்பது அமெரிக்கச் சமூகப்பணி நெறிமுறையின் அடித்தளம். "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், மருத்துவமனைக்கு அனுப்பும் விடையை நோக்கி மனம் பாயும். அதற்கும் முன்னால், உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, வழி கையில் இருக்கிறதா என்று கேட்டு அறியும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கப்படும் எல்லா விடைகளுமே நல்ல காரியமாக இருக்கும், கேட்கப்படுவது வரிசை. "என் அலுவலகத்தில் இப்படித்தான் செய்வோம்" என்ற குரல் கேட்கும்போதெல்லாம் பேனாவைக் கீழே வையுங்கள். (பேனா ஏது, கணினித் தேர்வுதான். இருந்தாலும் வையுங்கள்.)

ஆகவே இன்னொரு தடித்த வழிகாட்டி நூல் வாங்கப் போகாதீர்கள். ஏற்கெனவே ஒவ்வொரு முறையும் 230 டாலர் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், போதும். உங்கள் மதிப்பெண் அறிக்கை ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சரி என்று காட்டும். அதைப் பயந்து மடித்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். பிறகு மாதிரிக் கேள்விகளில் தவறும் ஒவ்வொன்றுக்கும், அந்த விடையை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "தெரியவில்லை" என்பது குறைவாகவும், "அவசரப்பட்டு உதவப் போனேன்" என்பது நிறையவும் வரும் என்பது என் ஊகம். தொழில் உறவும் நெறிமுறையும் பற்றிய பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய கால் பங்கு கேள்விகள் என்பதால், அங்கே இந்தப் பயிற்சி சீக்கிரம் பலன் தரும்.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். தேர்வு ஒன்றுதான், உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகை சில மாநிலங்களில் உண்டு. தேதி குறிக்கும் முன்பே அங்குள்ள உரிம வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். இலினாய் மாநிலம் இந்த மாஸ்டர்ஸ் நிலை உரிமத்துக்குத் தேர்வே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தத் தேர்வை நடத்தும் சமூகப்பணி வாரியங்களின் சங்கமே 2022-இல் தேர்ச்சி விகிதங்களை வெளியிட்டது. இதைவிட மேல்நிலையான, மனநலச் சிகிச்சைப் பணிக்கான கிளினிக்கல் தேர்வில், 2018 முதல் 2021 வரை, முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் வெள்ளையரில் சுமார் 84 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 45. ஆங்கிலம் முதல்மொழி அல்லாதவர்களின் விகிதமும் தாழ்ந்திருந்தது. அதன்பின் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கமே இந்தத் தேர்வுகளை எதிர்க்கும் நிலையை எடுத்தது. தேர்வு நியாயமா என்ற விவாதம் அங்கே நடந்துகொண்டிருக்கட்டும். உங்களுக்கு உரிமம் வேண்டும், அதனால் எழுதத்தான் வேண்டும். ஆனால் துயரத்தைக் கேட்கும் தகுதியை இந்த மதிப்பெண்ணை வைத்து அளக்காதீர்கள்.

மேற்பார்வையாளரிடம் சொன்ன பொய்தான் எனக்கு உறுத்துகிறது. ஒழுக்கம் பேசவில்லை, நடைமுறை பேசுகிறேன். உங்கள் பணி தற்காலிக உரிமத்தின் பேரில் என்றால், தோல்வி அதன் செல்லுபடியைப் பாதிக்கலாம்; மறைப்பது பின்னால் பெரிய சிக்கலாகும். முதலில் உரிம வாரியத்தின் விதியைப் படியுங்கள். பிறகு இந்த வாரமே நேரம் கேட்டு, "இரண்டு முறை எழுதினேன், தேறவில்லை, முன்பே சொல்லியிருக்க வேண்டும். அடுத்தது இந்த மாதத்தில் எழுதுகிறேன்" என்று மூன்று வரியில் முடியுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். அந்த அறையில் அதற்கெல்லாம் பழக்கம் இருக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து, விடைகளின் வரிசையைப் பற்றி வாதாட முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். தனியாகப் படித்ததில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த வாதம்தான்.