பக்கத்து மனையில் பள்ளம், நம் சுவரில் விரிசல்

கேள்வி: மதுரையில் 1978-ல் அப்பா கட்டிய செங்கல் வீடு. பக்கத்து மனையில் கீழ்த்தளத்துக்காக எங்கள் சுவரை ஒட்டியே பொக்லைன் வைத்துப் பத்தடிக்கு மேல் தோண்டிவிட்டார்கள். மூன்றே வாரத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். கேட்டால், "உங்க வீடு பழசு, அதான் விரிசல் விடுது" என்கிறார் பக்கத்து மனைக்காரர். பூசிவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: பூசாதீர்கள். நீதிமன்றக் கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) வந்து பார்க்கும்வரை அந்த விரிசலில் ஒரு கரண்டி சிமெண்டுகூடப் படக் கூடாது. சுவர் சாய்வதாகத் தெரிந்தால் மட்டும், படம் எடுத்துவிட்டு முட்டுக் கொடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது: விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பூச்சைச் சுரண்டி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் செங்கல்மேல் எபாக்சிப் பசையால் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். பழைய விரிசலுக்குள் தூசியும் பழைய பெயிண்டும் இறங்கியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். புதியதில் விளிம்பு கூராக, உள்ளே செங்கல் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். ஸ்கேலை வைத்து இதைக் கிட்டத்தில் படமெடுங்கள். செல்போனிலிருந்து மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள்; படத்தை நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றாகக் கொடுக்கும்போது கூடவே சான்றிதழ் தர அது வேண்டும்.

வீடு பழசு என்பது உங்களுக்குத்தான் பலம். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (Easements Act) 7-வது பிரிவு, இயற்கை நிலையில் இருக்கும் நிலத்துக்கு மட்டுமே பக்கத்து மண்ணின் தாங்கலை உரிமையாகத் தருகிறது. வீட்டின் பாரம் அதில் சேராது. ஆனால் 15-வது பிரிவின்படி, 20 ஆண்டுகள் தடையின்றி, சச்சரவின்றி அந்தத் தாங்கலைப் பெற்றுவந்த வீட்டுக்கும் உரிமை வந்துவிடும். அந்த 20 ஆண்டுகளை நிரூபிக்கப் பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், அனுமதி வரைபடம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். இழப்பீட்டுக்குக் கணிசமான சேதம் உண்மையிலேயே ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது 34-வது பிரிவு. அதனால் கட்டடப் பொறியாளரிடம் சேத அறிக்கையும் செலவு மதிப்பீடும் வாங்குங்கள்.

வக்கீல் நோட்டீஸ் விட்டு 15 நாள் காத்திருப்பதுதான் இதில் பெரிய தவறு. அதற்குள் பள்ளத்தில் கான்கிரீட் போட்டுவிட்டால் ஆழத்தை யார் அளப்பது? நிரந்தர உறுத்துக்கட்டளையும் (இதைச் செய்யக் கூடாது என்ற நீதிமன்றத் தடை உத்தரவு) இழப்பீடும் கேட்டு வழக்குப் போடுங்கள். கூடவே உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 1, 2-ன்கீழ் இடைக்காலத் தடையும், கட்டளை 26, விதி 9-ன்கீழ் பொறியாளர் துணையோடு அந்தக் கமிஷனரும் (அட்வகேட் கமிஷனர்) கேளுங்கள். பள்ளத்தின் ஆழம், சுவரிலிருந்து தூரம், மண் சரியாமல் தடுப்பு உண்டா, ஒவ்வொரு விரிசலின் நீள அகலம் என்று மனுவில் பிரித்து எழுதுங்கள். பொதுவாக எழுதினால் அறிக்கையும் பொதுவாகத்தான் வரும். வேலையை முழுதாக நிறுத்தக் கேட்பதைவிட, தடுப்புச் சுவர் எழுப்பும்வரை தோண்டக் கூடாது என்று கேட்டால் உத்தரவு கிடைப்பது எளிது என்பது என் கருத்து.

கீழ்த்தளத்துக்கு அனுமதி உண்டா என்பதை மாநகராட்சியில் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுத் தெரிந்துகொள்ளலாம். இழப்பீட்டு வழக்குக்குக் காலக்கெடு, சேதம் ஏற்பட்டதிலிருந்து 3 ஆண்டுகள்.

எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் நீதிமன்றத்தில் சமரசத் தீர்ப்பாகப் பதிவு செய்யுங்கள். பழுது பார்க்கும் நாளை அதில் அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கண்ணாடி உடையாமல் நிற்கட்டும், பிறகு பூசலாம்.