ஏஜென்ட் பிடித்தால்தான் நடிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. சங்கரன்கோவிலில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் இருந்தே நடிப்பு என்றால் உயிர். இன்ஸ்டாகிராமில் சென்னையைச் சேர்ந்த ஒரு 'டேலன்ட் ஏஜென்ட்' அறிமுகமானார். 40,000 ரூபாய் கட்டினால் போர்ட்ஃபோலியோ போட்டோக்கள் எடுத்து, ஆர்ட்டிஸ்ட் கார்டும் வாங்கித் தந்து, மூன்று படங்களில் வாய்ப்பு உறுதி என்கிறார். முன்பணம் 5,000 அனுப்பிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? ஏஜென்ட் இல்லாமல் சினிமாவுக்குள் நுழையவே முடியாதாமே? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, மீதி 35,000 ரூபாயைக் கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கோடம்பாக்கத்தில் ஏஜென்ட் என்று சொன்னால் பெரும்பாலும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட்டைத்தான் நினைப்பார்கள். கல்யாண சீனுக்கு 100 பேர், பஸ் ஸ்டாண்ட் சீனுக்கு 50 பேர் என்று கம்பெனி கேட்டால் ஆட்களைக் கூட்டி வருபவர். நேர்மையான தொழில்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று வசனம் பேசும் வேடத்துக்கு நகர்ந்தவர்கள் குறைவு. அடுத்து, வேடங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டர். அவர் படத்தின் ஆள், அவருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பாளர். உங்களிடம் பணம் வாங்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. மூன்றாவது ஆள் மேனேஜர். நீங்கள் தேடும் ஏஜென்ட்டுக்கு நெருக்கமானவர் இவர்தான். கால்ஷீட் பார்ப்பார், சம்பளம் பேசுவார், வந்த சம்பளத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். நீங்கள் சம்பாதித்தால்தான் அவருக்கு வருமானம், அதனால் உங்களுக்காக அலைவார். முன்கூட்டியே 40,000 வாங்கிவிடுகிறவருக்கு நீங்கள் நடித்தால் என்ன, நடிக்காவிட்டால் என்ன?

அந்த 'ஆர்ட்டிஸ்ட் கார்டு' பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடிகர் சங்க உறுப்பினர் அட்டையைத்தான் அவர் சொல்கிறார் போலும். நடிகர் சங்கம் 1952-ல் தொடங்கியது, தி.நகர் ஹபிபுல்லா சாலையில் இருக்கிறது. அதில் உறுப்பினராக வேண்டும் என்றால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் யாரும் விற்க முடியாது. 'மூன்று படம் உறுதி' என்பதும் அப்படித்தான். ஒரு படத்தில் யார் நடிப்பது என்பது பூஜை போட்ட பிறகுகூட மாறும். இயக்குநராலேயே தர முடியாத உறுதியை இவர் எங்கிருந்து தருவார்?

சரி, ஏஜென்ட் இல்லாமல் எப்படி உள்ளே போவது? நான் பல வருடம் இணை இயக்குநராக வேலை பார்த்தவன். சின்ன வேடங்களுக்கு ஆள் தேடும் பொறுப்பு பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழும். நாங்கள் யாரிடம் கேட்போம் தெரியுமா? முந்தைய படத்தில் வேலை பார்த்த அசிஸ்டென்ட்களிடம், நாடகக் குழுக்களிடம், குறும்படம் எடுக்கிற பையன்களிடம். உங்கள் முகம் இந்த மூன்று இடங்களில் எங்காவது இருக்க வேண்டும்.

விஜய் சேதுபதியை எடுத்துக்கொள்ளுங்கள். துபாயில் கணக்காளர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலும் கணக்கு எழுதத்தான் சேர்ந்தார். அங்கே நடிகர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். 2010-ல் கதாநாயகன் ஆகும்வரை சின்னச் சின்ன வேடங்கள்தான். கார்த்திக் சுப்புராஜ் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய குறும்படங்களில் நடித்தார். 2012-ல் கார்த்திக் முதல் சினிமாவை எடுத்தபோது அதில் இவர்தான் நாயகன். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனாலும் உங்களோடு சேர்ந்து வளரப்போகிற இயக்குநர் ஒருவர் இன்றைக்குக் கையில் காசில்லாமல் குறும்படத்துக்கு நடிகர் தேடிக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடிப்பது மேனேஜரைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய விஷயம். தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவன மாணவர்களும், கல்லூரிகளில் விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் படிப்பவர்களும் பயிற்சிப் படம் எடுக்கிறார்கள். சம்பளம் இருக்காது, சாப்பாடு இருக்கும். படம் முடிந்ததும் நீங்கள் நடித்த காட்சியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கூலிங் கிளாஸ் போட்டு பைக்கில் சாய்ந்து நிற்கும் போட்டோக்கள் ஆபீஸ் மேஜையில் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருந்து ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. வெறும் சுவர் முன்னால் நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, முழு உருவம் ஒன்று. ஃபில்டர் வேண்டாம். இன்று தாடி இருந்தால் தாடியோடு எடுங்கள், நாளை தாடியை எடுத்துவிட்டால் மறுபடி போட்டோ எடுங்கள்.

அப்புறம் வீடியோ. போனைப் படுக்கைவாக்கில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, பெயர், வயது, உயரம், ஊர் சொல்லுங்கள். பிறகு ஒரு நிமிடம் நடியுங்கள். பிரபல ஹீரோவின் வசனத்தைப் பேசாதீர்கள். பார்க்கிறவருக்கு அந்த ஹீரோதான் ஞாபகம் வருவார், உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் கடைக்குத் தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டுவந்து, விழவே இல்லை என்று சாதிக்கும் ஆள் ஒருவர் இருப்பாரே, அவரை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே நடித்துக்காட்டுங்கள். தென்மாவட்டக் கதைகளுக்கு அந்தப் பேச்சு தானாக வருகிறவர்களை நாங்கள் தேடித் தேடிக் களைத்திருக்கிறோம்.

ஒரு முறை மளிகைக் கடைக்காரர் வேடத்துக்கு ஆள் தேடினோம். இரண்டே வரி வசனம். வந்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு வரியை விதவிதமாக ஏற்றி இறக்கிப் பேசினார்கள். ஒருவர் மட்டும் மேஜையில் கிடந்த செய்தித்தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டினார். இல்லாத பருப்பைப் போட்டுக் கூம்பின் வாயை மடக்கினார், இல்லாத சணலை நாலு சுற்றுச் சுற்றி விரலாலேயே வெடுக்கென்று அறுத்தார். வசனத்தைப் போகிறபோக்கில் சொன்னார். பொட்டலத்தை நீட்டியபோது எங்கள் இயக்குநர் கை நீட்டி வாங்கிவிட்டார். விசாரித்தால், சித்தப்பாவின் கடையில் ஆறு வருடம் நின்றவராம். அவரை அனுப்பி வைத்தது எங்கள் அசிஸ்டென்ட் ஒருவரின் ரூம்மேட்.

இன்ஸ்டாகிராமில் ஆடிஷன் அறிவிப்பு வந்தால், அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். தங்கள் பெயரில் போலி அறிவிப்பு வருவதாகப் பல கம்பெனிகளே அறிக்கை விட வேண்டிய நிலைமை இருக்கிறது. ஆடிஷனுக்கு, பதிவுக்கு, காஸ்ட்யூமுக்கு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கிளம்பி வந்துவிடுங்கள். இதைப் படிக்கிற பெண்களுக்கும் சொல்கிறேன். ஆடிஷனைப் பகலில், ஆபீஸில் வைக்கச் சொல்லுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

மேனேஜர் வேண்டிய நாளும் வரும். இரண்டு படங்களின் தேதி மோதும்போது, பேசிய சம்பளத்தைக் கேட்க நாக்கு எழாதபோது. அப்போது கூட நடிக்கிற நாலு பேரிடம் விசாரித்து ஒருவரைப் பிடியுங்கள். எத்தனை சதவீதம், எந்த வேலைக்கெல்லாம், எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஒரு வருடம் போதும். ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடும் காகிதத்தில் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும், அதிலிருந்து அவர் பங்கை நீங்கள் கொடுங்கள்.

அனுப்பிய 5,000-ஐத் திருப்பிக் கேளுங்கள். பணம் அனுப்பிய விவரம், அவர் எழுதிய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். தர மறுத்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். மீதி 35,000 கையில் இருந்தால், சாலிகிராமம் பக்கம் நாலு பேரோடு ரூம் எடுத்துச் சில மாதம் ஓட்டலாம். அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அந்த மளிகைக் கடைக்காரர் போல இயல்பாக நடித்து எடுத்த வீடியோவை முதலில் அம்மாவிடமே காட்டுங்கள். உங்கள் கடைக்கு வருகிற அந்த ஆளை அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.