ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, ஷாக்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்கள் தென்னந்தோப்பில் ஓட்டுவதற்காக, மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்குப் பழைய கவாசாகி கேஎல்எக்ஸ் 110 வண்டி (மண்பாதையில் ஓட்டும் சிறிய பைக்) ஒன்றை வாங்கினோம். அப்போது அவன் எடை 34 கிலோ. இப்போது 52 கிலோ. வரப்பைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ‘டமார்’ என்று இடிக்கிறது. மெக்கானிக் ஷாக் அப்சார்பரை முழுதாக மாற்றச் சொல்கிறார். இணையத்தில் கடினமான ஸ்பிரிங் தனியாகவும் கிடைக்கிறது. 1000 பவுண்டு, 1200 பவுண்டு என்று லேபிள் ஒட்டிய ஷாக்குகள் மலிவாகவும் கிடைக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: ஷாக்கின் நடுவே உள்ள டேம்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) நல்ல நிலையில் இருந்தால் ஸ்பிரிங் மட்டும் போதும், அது கெட்டிருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. பணத்தை எடுப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். ஷாக்கின் தண்டைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிய பின் பாருங்கள். எண்ணெய்க் கசிவோ, விரல் நகத்தில் தட்டுப்படும் கீறலோ இருந்தால், அந்த டேம்பருக்குப் புது ஸ்பிரிங் போடுவது வீண் செலவு. இருக்கையை அழுத்தி விடும்போது நிதானமாக எழாமல் துள்ளித் துள்ளி எழுந்தாலும் அப்படியே.

டேம்பர் நன்றாக இருந்தால், ஸ்பிரிங் உண்மையிலேயே மென்மைதானா என்பதை ஒரு அளவு நாடாவைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டில் இட்ட ஒரு குறிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, உங்கள் மகனை ஹெல்மெட், பூட்ஸ் உட்பட எல்லாவற்றையும் அணிந்தபடி உட்காரவைத்து, அதே இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே வண்டி இறங்கும் தூரம். இந்த வண்டியின் பின் சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரம் 110 மி.மீ.; அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 முதல் 35 மி.மீ. வரை இறங்குவது சரியான அளவு. 45, 50 மி.மீ. என்று இறங்கினால், வரப்பில் குதிக்கும்போது தாங்குவதற்கு மிச்சமே இல்லை என்று பொருள். 18 கிலோ கூடியிருக்கும் நிலையில் உங்களுக்கு அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அந்தப் பவுண்டு கணக்கைப் பார்த்து மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது வண்டி தாங்கும் எடையோ ஓட்டுபவரின் எடையோ அல்ல. ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான விசை. 1000 பவுண்டு என்பது மில்லிமீட்டருக்குச் சுமார் 18 கிலோ. சக்கரம் 110 மி.மீ. நகரும்போது ஷாக் அதில் ஒரு பகுதியளவே அமுங்குகிறது. அந்த விகிதம் வண்டிக்கு வண்டி மாறுவதால், வேறொரு வண்டிக்குப் பொருந்திய எண் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. கேஎல்எக்ஸ் 110-க்கென்றே செய்த ஸ்பிரிங்கைக் கேளுங்கள்; பிபிஆர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அவற்றை விற்கின்றன. வாங்கும் முன் விற்பவரிடம் கம்பியின் தடிமன், உள்விட்டம், அமுக்காத நிலையில் உள்ள நீளம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கி, உங்கள் பழைய ஸ்பிரிங்கை வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். மற்றவை மாறாமல் கம்பி மட்டும் 8 மி.மீ.யிலிருந்து 8.5 மி.மீ. ஆனாலே கடினம் 27 சதவீதம் கூடிவிடும்; அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. கடினத்தில் ஒரு படி மட்டுமே ஏறுங்கள். மிகக் கடினமான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைப் பழைய டேம்பரால் அடக்க முடியாமல், பின்பக்கம் பையனை முன்னால் உதைத்துத் தள்ளும். இடிப்பதைவிட இது ஆபத்தானது.

இந்திய இணையக் கடையில் வாங்கி, சொன்ன அளவில் பொருள் வராவிட்டால், எழுத்தில் பெற்ற அந்த அளவுகளே உங்கள் சான்று. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

மாற்றும் வேலையை ஸ்பிரிங் அமுக்கும் கருவி உள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்தைக் குறிவைத்துத்தான் பாயும். கழற்றும்போதே ஷாக்கை வண்டியோடு இணைக்கும் இடங்களில் மேலும் கீழும் உள்ள புஷ்களையும் (போல்ட்டைச் சுற்றியுள்ள வளையங்கள்), தண்டில் உள்ள ரப்பர் தடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை இடி வாங்கிய ரப்பர் நொறுங்கியிருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: புது ஸ்பிரிங் வரும்வரை பழையதில் ஒரு சுற்றை வெட்டிவிட்டு, அடியில் வாஷர் வைத்து ஓட்டலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் தண்டு தேய்ந்து, எண்ணெய் சீல் கெட்டு, நன்றாக இருக்கும் டேம்பரையும் இழப்பீர்கள். கேஸ் வைத்து வெட்டினால் கம்பியின் பதமும் போய்விடும். வாஷர், வண்டியின் உயரத்தைக் கூட்டுமே தவிர ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. புது ஸ்பிரிங் வரும்வரை வரப்பில் குதிக்காமல், தோப்பின் சமதளத்தில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள்.