கருத்துக் கட்டுரைகளுக்கு முன் மூல ஆவணங்கள்

தம்பி, இந்த ஆண்டு அமெரிக்காவில் மத வரலாற்றில் முனைவர் படிப்பைத் தொடங்கவிருப்பதாகவும், அதற்குள் இந்நாட்டின் அரசியல், வரலாறு, மதம் பற்றி இணையத்தில் எவற்றைப் படித்துவைப்பது நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். கருத்துக் கட்டுரைகளைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மூல ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே நெடுங்காலம் இங்கு வாழ்ந்துவிட்ட என் வேண்டுகோள். உங்களோடு வகுப்பில் அமரப்போகிறவர்கள் அவற்றின் பெயர்களையேனும் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள். நமக்கோ செய்தித்தாள் வழியாக வந்த அறிமுகம் மட்டுமே இருக்கும்.

மதமும் அரசும் விலகியிருப்பது பற்றிய ஒரு சரடை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் காங்கிரகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு மட்டும் அரசின் ஆதரவு இருந்த காலத்தில், அங்குள்ள டான்பரியைச் சேர்ந்த, பாப்டிஸ்ட் என்ற வேறொரு புராட்டஸ்டன்ட் பிரிவினர், தங்கள் வழிபாட்டுரிமை சலுகையாகவே நடத்தப்படுகிறது என்று குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனிடம் முறையிட்டார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலால்தான், திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான ‘பிரிவினைச் சுவர்’ என்ற தொடர் புகழ்பெற்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் அதன் வரைவையும் தேடிப் படியுங்கள். ஜெஃபர்சன் அடித்து மறைத்த வரிகளை 1998இல் எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் துணையோடு மீட்டெடுத்திருக்கிறார்கள். கிழக்கு மாநிலங்களிலுள்ள தம் கட்சி நண்பர்கள் சங்கடப்படக்கூடும் என்பதால் ஒரு பகுதியை விட்டுவிட்டதாக ஓரத்தில் அவரே குறித்துவைத்திருக்கிறார். கொள்கையும் கட்சிக் கணக்கும் ஒரே தாளில் அருகருகே இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரிந்து அரிது.

பிறகு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளுக்கு வாருங்கள். 1947ஆம் ஆண்டின் எவர்சன் வழக்கில் நீதிபதி ஹியூகோ பிளாக் அதே சுவரை எடுத்துக்காட்டிய பின்னரும், கத்தோலிக்கப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தருவது செல்லும் என்றே எழுதினார். நீதிபதிகள் 5–4 எனப் பிரிந்தார்கள். அவரே 1962இல் எங்கல் வழக்கில், நியூயார்க் அரசுப் பள்ளிகளுக்காக அதிகாரிகள் இயற்றிய 22 சொற்கள் கொண்ட பிரார்த்தனை அரசியலமைப்புக்கு முரணானது என்றார். உச்ச நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவுகளைத் தொகுத்துவைத்திருக்கும் ஓயெஸ் தளத்தில் அந்த வழக்கின் வாதங்களை ஒலிப்பதிவாகவே கேட்கலாம். உங்கள் செவி இங்குள்ள பேச்சுக்குப் பழகவும் அது உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யேல் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் வகுப்புகளில் டேவிட் பிளைட்டின் உள்நாட்டுப் போர் விரிவுரைகளும், கிறிஸ்டீன் ஹேய்ஸின் பழைய ஏற்பாட்டு விரிவுரைகளும் எழுத்து வடிவிலும் கிடைக்கின்றன. மெய்யியல் சார்ந்த ஐயங்களுக்கு ஸ்டான்ஃபோர்டின் மெய்யியல் கலைக்களஞ்சியம் போதும்.

பட்ட மேற்படிப்பைப் பற்றிப் பொதுவான அறிவுரைகளைத் தேடி அலைவதைவிட, வரலாறு முதலிய துறைகளின் ஆய்வாளர்கள் கூடும் ஹெச்-நெட் தளத்தில் உங்கள் துறை சார்ந்த நூல் மதிப்புரைகளை வாரந்தோறும் படியுங்கள். ஒரு நூலின் வாதத்தைச் சில பத்திகளில் எடுத்துரைத்து மறுக்கும் பயிற்சியைத்தான் செமினாரில் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் துறையின் மாணவர் கையேட்டையும் இப்போதே இறக்கிப் படித்துவிடுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, கோடை மாதங்களுக்கும் அது உண்டா, எந்த ஆண்டிலிருந்து வகுப்பெடுக்க வேண்டும், தகுதித் தேர்வு எப்போது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் தெளிவில்லாதவற்றை அங்கு மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அறிமுகமில்லாதவர் அப்படிக் கேட்பதை இங்கு யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.