மலையில் திணறும் கார்: த்ராட்டில் சென்சார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் பற்றியவை. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்முக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பழி என்னவோ அடிக்கடி அதன் மேல்தான் விழுகிறது. அளந்து பார்க்காமல் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

2009 மாடல் பெட்ரோல் கார். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டி வெட்டி இழுக்கிறது. நன்றாக அழுத்தினால் சரியாகிவிடுகிறது. ஓமலூர் ரோட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா? – அஸ்தம்பட்டி வாசகர்

உங்கள் விஷயத்தில் சந்தேகம் நியாயமானதுதான். அழுத்தினால் சரியாகிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாக இருந்தால் ஏற்றத்தில் அழுத்த அழுத்த மிஸ்ஸிங் கூடும். ஃபில்டர் அடைத்துப் பெட்ரோல் போதாமல் போனாலும் அப்படித்தான்.

ஆக்சிலரேட்டர் கேபிள் வைத்த வண்டிகளின் சென்சாருக்குள் ஒரு கரிப்பட்டையும் அதன் மேல் உரசி நகரும் ஒரு முள்ளும் இருக்கும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகுக்குள் இருப்பதும் இதேதான். தேய்ந்த இடத்தில் கரகரக்கும். அடிவாரத்திலிருந்து 20 வளைவுகள். ஒவ்வொன்றிலும் காலை எடுத்து மறுபடி மெதுவாக மிதிக்கிறோம். டவுன் நெரிசலிலும் அப்படித்தான். அதனால் முள் அதே சிறு பகுதியில் முன்னும் பின்னும் உரசி, பட்டை அங்கேதான் முதலில் தேய்கிறது. முள் அந்த இடத்தைக் கடக்கும்போது சிக்னல் சட்டென்று விழும். காலை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து இசிஎம் பெட்ரோலைக் குறைக்கும். மறுநொடி சிக்னல் திரும்பி வரும். நீங்கள் உணரும் வெட்டு இதுதான்.

சோதிப்பது எளிது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். சென்சாருக்கு மூன்று ஒயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியை விட்டு சிக்னல் ஒயரில் வோல்ட் மீட்டரால் அளக்க வேண்டும். ஒயரின் தோலில் குத்தவே கூடாது. ஏற்காட்டுப் பனி அந்த ஓட்டை வழியே இறங்கினால் செம்பு பச்சை பூத்து, புதிதாக ஒரு பழுது தொடங்கும்.

த்ராட்டில் மூடியிருக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் காட்டும். முழுதாகத் திறந்தால் 4 அல்லது 4.5 வரை போகும். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நடுவழியைப் பாருங்கள். கையால் மிக மெதுவாகத் திறக்கும்போது 0.7, 0.9, 1.1 என்று ஏறி, திடீரென 0.3-க்கு விழுந்து மறுபடி 1.4-க்குத் தாவினால் சென்சார் போய்விட்டது. டிஜிட்டல் மீட்டர் இந்தச் சரிவைத் தவறவிடக்கூடும். முள் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். இசிஎம்மோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் கிராஃப் பார்த்தாலும் சரி. இன்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில சென்சார்கள் சூட்டில் மட்டும் தகராறு செய்யும்.

ஸ்கேனரில் பி 0122 என்று பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது. புதிய சென்சார் போட்டும் போகவில்லை. – ஏற்காடு வாசகர்

சிக்னல் மிகக் குறைவு என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் செய்தி. சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை. 5 வோல்ட் ஒயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும். எர்த் ஒயர் அறுந்தால் பெரும்பாலும் சிக்னல் ஏறி பி 0123 வரும்.

கனெக்டரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்தில் 5 வோல்ட் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே அளங்கள். 5 வோல்ட் வந்தால் அந்த இரண்டும் நலம். அப்புறம் 5 வோல்ட் முனையையும் சிக்னல் முனையையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள் (எர்த்தில் பட்டுவிடக் கூடாது). ஸ்கேனரில் த்ராட்டில் திறப்பு உச்சத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சிக்னல் ஒயரைத் தேடுங்கள். 5 வோல்ட்டே வரவில்லை என்றால், அந்த லைனைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம்; ஒவ்வொன்றாகக் கழற்றினால் பிடிபடும். வண்டி தோட்டத்து ஷெட்டில் நிற்கிறதா? அப்படியானால் முதலில் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

குப்பனூர் வழியாக ஏறும்போது செக் இன்ஜின் லைட் எரிந்து, வண்டி அதற்கு மேல் இழுக்கவே இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்ததும் சரியானது. கோடு பி 2135. – கொண்டலாம்பட்டி வாசகர்

உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது, தகட்டை மோட்டார் திறக்கிறது. அதனால் பாதுகாப்புக்காக இரண்டு சென்சார்கள். இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி தானாக வேகத்தைக் கட்டிவைத்துவிடும். அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மறுபடி சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், வளைவில் லாரி பின்னால் வரும்போது இப்படி நின்றால் ஆபத்து. கனெக்டர் பின்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்சாரே பழுது என்றால், பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டிவரும். செலவு பெரிது என்பதால் ஒயரிங்கை முழுதாகச் சோதித்த பிறகே சம்மதியுங்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டுக்குள் விரலை விடாதீர்கள், மோட்டார் நசுக்கிவிடும்.

சேலத்தில் இருக்கும் பிக்கப் ஏற்காட்டில் இல்லை. சென்சாரா? – ஐந்து ரோடு வாசகர்

இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். கீழே இறங்கியதும் பழையபடி இருந்தால் எதையும் தொடவேண்டாம்.

காமன் ரெயில் டீசல் வண்டிக்கும் இதே சோதனைதானா? – கோரிமேடு வாசகர்

டீசலில் நீங்கள் பார்க்க வேண்டியது பெடலோடு சேர்ந்த சென்சார். அதிலும் இரண்டு சிக்னல்கள் உண்டு. பல வண்டிகளில் ஒன்று மற்றதன் பாதியாக இருக்கும். பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டே ஸ்கேனரில் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். மழைக்காலத்தில் காலடியில் விரித்த மிதியடிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால், முதலில் பெடல் கனெக்டரைக் கழற்றித் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள்.